மூணு கால் காக்காவுக்கு ஒரு சொம்பு

ஜப்பான் என்றாலே நம்ம ஆட்களுக்குக் கண்ணில் நீர் கோர்த்துக்கொள்ளும். செர்ரிப் பூ, புல்லட் ரயில், குனிந்து வணக்கம், அப்புறம் ஷிண்டோ. "அவங்க மரத்துல, மலையில, நரியில, மானுல எல்லாம் கடவுளைப் பார்க்கிறாங்க சார், என்ன ஒரு மென்மையான மதம்!" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். அந்த வரிசையில் இப்போது ரொம்ப அடிபடுவது யத்தாகராசு. மூணு கால் காக்கா. வழி தவறியவர்களுக்கு வழிகாட்ட வானத்திலிருந்து இறங்கி வந்த தெய்வப் பறவையாம். கேம்களில் வருகிறது, டி-ஷர்ட்டில் வருகிறது, பச்சை குத்திக்கொள்கிறார்கள்.

இது போதாது என்று, ஜப்பான் க்ளையன்ட்டுக்காக எங்களை உட்கார வைத்து நடத்திய ஒரு பயிற்சி வகுப்பில் ஸ்லைடாகவும் வந்துவிட்டது. மூன்று கால்களுக்கு மூன்று அம்புக்குறி: தொலைநோக்கு, பணிவு, குழு உணர்வு. "நல்ல டீம் லீட் என்பவர் ஒரு யத்தாகராசு." பக்கத்தில் இருந்தவர் நோட்டில் எழுதிக்கொண்டார். இந்தப் பில்டப்பைக் கேட்டுக்கேட்டு வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கதையை ஒருத்தராவது முழுசாகப் படித்தீர்களா அய்யா?

படித்தவர்கள் மன்னிக்கவும். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் காக்கா வருவது இரண்டு பழைய நூல்களில். ஒன்று 712-ல் முடிந்த கொஜிக்கி, இன்னொன்று 720-ல் முடிந்த நிஹோன் ஷோக்கி. இரண்டுமே அரசவையின் உத்தரவில், அரச வம்சத்தின் பெருமையைப் பதிவு செய்ய எழுதப்பட்டவை. தாத்தா பாட்டி திண்ணையில் சொன்ன கதைத் தொகுப்பு என்று நினைத்துக்கொண்டு படிக்கப் போனால் ஏமாந்து போவீர்கள்.

கதாநாயகன் ஜிம்மு. முதல் பேரரசர் என்று சொல்லப்படுபவர், சூரிய தெய்வம் அமத்தெராசுவின் வழித்தோன்றல். (இப்படி ஒருவர் உண்மையில் இருந்தார் என்று இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. அது தனிக்கதை, பின்னால் வருகிறேன்.) கியூஷூ தீவின் ஹ்யூகாவிலிருந்து படையோடு கிழக்கே கிளம்புகிறார். ஏன்? நாட்டை ஆள நல்ல இடம் வேண்டும். அந்த நல்ல இடம்தான் யமத்தோ, இன்றைய நாரா பகுதி. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். இருப்பார்கள்தானே? அவர்களின் படைத்தலைவன் நாகசுனெஹிக்கோ நேருக்கு நேர் மோதி ஜிம்முவின் படையைத் துரத்தி அடிக்கிறான். அண்ணன் இத்சுசேவுக்கு அம்புக் காயம், அதிலேயே பிறகு சாகிறார். சூரியனின் பிள்ளைகள் சூரியனைப் பார்த்துச் சண்டை போட்டதுதான் தப்பு என்று காரணம் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் முதுகில் வெயில் படும்படி சுற்றிப் போய்ப் பின்பக்கமாகத் தாக்குவது என்று முடிவு. அந்தச் சுற்றுவழிதான் கீ தீபகற்பத்தின் குமானோ மலைகள்.

இங்கேதான் நம்ம காக்கா என்ட்ரி. மலைக்காட்டில் படை மாட்டிக்கொள்கிறது. கொஜிக்கியில் தக்காகி என்ற வானுலகத் தெய்வமும், நிஹோன் ஷோக்கியில் அமத்தெராசுவும் காக்காவை அனுப்புகிறார்கள். அது முன்னால் பறக்க, படை பின்னால் போகிறது.

"வழி தவறியவர்களுக்கு வழிகாட்டியது" என்பது உண்மைதான். வழி தவறியது ஒரு படை, போய்க்கொண்டிருந்த வேலை அடுத்தவன் ஊரைப் பிடிப்பது என்ற சின்ன விவரம் மட்டும் ஸ்லைடில் விட்டுப்போயிருக்கிறது. அவ்வளவுதான் :-)

இன்னும் இருக்கிறது. நம்ம ஆட்கள் எல்லோரும் காக்கா மலையைக் கடக்க வைத்ததோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். நூல் நிறுத்தவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் ஊடா என்ற ஊர். அங்கே இரண்டு சகோதரர்கள், ஏ-உகாஷி அண்ணன், ஒத்தோ-உகாஷி தம்பி. கொஜிக்கியின்படி ஜிம்மு அவர்களிடம் தூது அனுப்புவது யாரை? இதே காக்காவை. செய்தி: வானத் தெய்வத்தின் பிள்ளை வந்திருக்கிறார், அடிபணிகிறீர்களா? வந்தது வழிகாட்டி இல்லீங்க, இறுதி எச்சரிக்கை. அண்ணன் என்ன செய்தான்? ஊளையிடும் அம்பு ஒன்றை விட்டுக் காக்காவைத் துரத்தினான். அம்பு விழுந்த இடத்துக்குக் கபுராசாக்கி என்று பெயர் வந்ததாகக்கூட நூல் சொல்கிறது.

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் ரொம்பப் பிடித்த ஆள் இந்த ஏ-உகாஷிதான். நம் வீட்டுக் கூரையில் ஒரு காக்கா உட்கார்ந்து "உன் ஊர் இனிமேல் எங்களுது, சரியா?" என்று கேட்டால் நீங்களும் நானும் கல்லைத் தேட மாட்டோமா?

ஆனால் கதை எழுதியது ஜெயித்தவன் ஆச்சே. அண்ணனுக்குப் படை சேரவில்லை. பணிவதுபோல் நடித்து, பொறி வைத்த மண்டபம் ஒன்றைக் கட்டுகிறான். தம்பி போய்ப் போட்டுக்கொடுத்துவிடுகிறான். ஜிம்முவின் ஆட்கள் வாளும் ஈட்டியும் காட்டி அண்ணனை அவன் வைத்த பொறிக்குள்ளேயே தள்ளிக் கொல்கிறார்கள். அதோடு விடவில்லை, உடலை இழுத்துப்போட்டுத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். அந்த இடத்துக்கு 'ரத்த வெளி' என்று அர்த்தம் வருகிற சிஹாரா என்ற பெயர். தம்பி கொடுத்த விருந்தைப் படை சாப்பிட்டுவிட்டுப் பாட்டுப் பாடுகிறது.

அடுத்த நிறுத்தத்தில் இதைவிட மோசம். ஒசாக்கா என்ற இடத்தில் (இன்றைய பெருநகரம் இல்லை, யமத்தோ மலைப்பகுதியில் ஓர் இடம்) குகையில் எண்பது வீரர்கள். நூல் அவர்களை 'ட்சுச்சிகுமோ' என்கிறது, மண் சிலந்தி. வால் முளைத்தவர்களாம். ஜிம்மு அவர்களுக்கு விருந்து வைக்கிறார். எண்பது பேருக்கு எண்பது பரிமாறுபவர்கள், ஒவ்வொருத்தர் இடுப்பிலும் வாள். பாட்டு சத்தம் கேட்டதும் வெட்டு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து வெட்டியதை அரசவை நூலே கூச்சமில்லாமல், பெருமையாக எழுதி வைத்திருக்கிறது. கொல்ல வேண்டியவனுக்கு முதலில் வால் வைத்துவிடு என்ற உத்தி எவ்வளவு பழசு பாருங்கள்.

நிஹோன் ஷோக்கியில் காக்கா ஷிக்கி சகோதரர்களிடம் போகிறது. மறுபடியும் அண்ணன் கோபப்பட்டு வில்லை எடுக்கிறான். தம்பி பயந்து நடுங்கி, இலையில் தட்டு தைத்து, எட்டுத் தட்டில் காக்காவுக்குச் சோறு வைக்கிறான். பிறகு அண்ணன் கொல்லப்படுகிறான், தம்பிக்குத் தலைவர் பதவி. ஊடாவின் தம்பிக்கும் பதவி. இந்தப் பரிசுப் பட்டியலிலேயே காக்காவுக்கும் பரிசு உண்டு, அதன் சந்ததியார் ஒரு குறுநிலத் தலைவர் குடியானதாக எழுதியிருக்கிறது.

காக்காவுக்கு எப்படி மனித சந்ததி என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. 815-ல் தொகுத்த குலப்பட்டியலான ஷின்சென் ஷோஜிரோக்கு இதற்கு விடை வைத்திருக்கிறது. கமோ குலத்தின் மூதாதையான தக்கேட்சுனுமிதான் காக்காவாக உருமாறி ஜிம்முவுக்கு வழிகாட்டியவராம். அவருக்குக் கியோத்தோவின் ஷிமோகமோ கோயிலில் இன்றைக்கும் வழிபாடு நடக்கிறது. அதாவது, அதிகாரத்துக்கு நெருக்கமான ஒரு குலம், "முதல் அரசனுக்கே முதல் உதவி செஞ்சது எங்க தாத்தா" என்று நிலப்பட்டா மாதிரி வைத்திருந்த கதை இது. மென்மையான இயற்கை வழிபாடாம். ரெஸ்யூமே சார் இது!

சரி, கால் விஷயத்துக்கு வருவோம். மூன்று கால் என்பது கொஜிக்கியிலும் இல்லை, நிஹோன் ஷோக்கியிலும் இல்லை. ஒரு வரிகூடக் கிடையாது. 'யத்தா' என்பதில் 'யா' எட்டு, 'அத்தா' ஒரு பழைய அளவு, கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரையிலான ஒரு சாண். எட்டுச் சாண் காக்கா. எட்டு என்பது அங்கே 'பெரிய', 'நிறைய' என்ற பொருளிலும் வரும் என்பதால், சுருக்கமாகப் பெரிய காக்கா. மூன்று கால் என்று முதலில் சொல்வது 930-களில் வந்த வமியோ ருய்ஜுஷோ என்ற அகராதி. இரண்டு நூற்றாண்டு கழித்து! அந்த மூன்று கால்களும் சீனச் சரக்கு. சூரியனுக்குள் காக்கா இருக்கிறது என்பது சீனாவின் பழைய நம்பிக்கை. 1972-ல் தோண்டிய மாவாங்துய் கல்லறையின் பட்டுத்துணியில் சூரியனுக்குள் நிற்கும் காக்கா இருக்கிறது (அதற்கும் ரெண்டு கால்தான்). கொரியாவின் கொகுர்யோ அரசின் கல்லறைச் சுவர்களில் மூன்று காலோடு கம்பீரமாக நிற்கிறது. ஜப்பானுக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. ஹோர்யூஜி கோயிலில் இருக்கும் 7-ஆம் நூற்றாண்டின் தமமுஷிப் பேழையில் மூன்று கால் சூரியக் காக்கா உண்டு.

"அப்போ எல்லோருக்கும் தெரிஞ்ச விஷயம்னு நூல்ல எழுதாம விட்டிருக்கலாமே" என்று ஒரு வாதம் வரும். வரட்டும். ஆனால் வால் முளைத்தவன், கிணற்றில் ஒளிவிட்டு வந்தவன் என்று உடம்பு விசித்திரங்களை ஒன்று விடாமல் எழுதுகிற நூல், காக்காவின் மூணாவது காலை மட்டும் மறந்ததாக நம்புவது கஷ்டம். சூரியக் காக்காவும் வழிகாட்டிக் காக்காவும் இரண்டு தனித்தனி ப்ராஜெக்ட். பின்னாடி யாரோ மெர்ஜ் பண்ணியிருக்கிறார்கள்.

மெர்ஜ் பண்ணிய பிறகுதான் விளக்கங்கள் எல்லாம் வருகின்றன. குமானோ ஹோங்கூ கோயிலில் மூன்று கால் என்றால் வானம், பூமி, மனிதன் என்கிறார்கள். இல்லை, உய், சுசுக்கி, எனொமோத்தோ என்ற மூன்று குமானோக் குலங்கள் என்று இன்னொரு விளக்கம். எழுதினவனுக்கே தெரியாத ஃபீச்சருக்கு எழுதப்படும் டாக்குமென்டேஷன் மாதிரி. இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்ததுதான் 'குழு உணர்வு'. அடுத்த வருஷம் க்ளவுட், மொபைல், ஏஐ என்று மாற்றினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

"புராணம்னா ரத்தம் இருக்கத்தான் செய்யும், உனக்கு ஏன் இந்தக் கொலைவெறி?" என்பார்கள். நியாயமான கேள்வி. 8-ஆம் நூற்றாண்டோடு கதை முடிந்திருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். முடியவில்லை.

மெய்ஜி அரசு ஜிம்முவைத் தூசு தட்டி எடுத்தது. அவர் பட்டமேற்றது கி.மு. 660 என்று கணக்குப் போட்டு, 1873-ல் பிப்ரவரி 11-ஐ நாடு பிறந்த நாளாக்கியது. 1890-ல் அதே நாளில் போர்வீரர்களுக்கென்று ஒரு பதக்கம், பெயர் பொன் பருந்து. அது ஜிம்முவின் போர்க்கதையில் வரும் இன்னொரு பறவை. வில்லின் நுனியில் வந்து உட்கார்ந்து, மின்னலாய் ஒளிவிட்டு, நாகசுனெஹிக்கோவின் படையைக் கண்கூச வைத்தது. (காக்காவையும் பருந்தையும் ஒன்றாகவே நினைப்பவர்கள் ஜப்பானிலேயே உண்டு.) உண்மையான போரில் உண்மையான ஆட்களைக் கொன்றதற்கு, கதையில் வந்த பறவையின் பெயரில் பதக்கம். தோற்ற பிறகு 1947-ல்தான் அதை ஒழித்தார்கள்.

1940 உச்சம். ஜிம்மு பட்டமேறி 2600 வருஷம் ஆச்சு என்று நாடு முழுக்கக் கொண்டாட்டம். ஜீரோ போர் விமானத்தின் பெயரில் இருக்கும் பூஜ்யம் அந்த 2600-ன் கடைசி இலக்கம்தான். 'ஹக்கோ இச்சியூ', எட்டுத் திசையும் ஒரே கூரையின் கீழ் என்ற கோஷமும் ஜிம்முவின் வாயில் வைக்கப்பட்ட பேச்சிலிருந்து உருவியது. கூரை யாருடையது என்று சீனர்களையும் கொரியர்களையும் கேட்டால் தெரியும்.

அதே 1940-ல், "இந்த ஜிம்மு கதையெல்லாம் அரசவை பிற்காலத்தில் உருவாக்கியது, வரலாறு இல்லை" என்று நூல்களை ஆராய்ந்து சொன்ன ட்சுதா சோகிச்சி என்ற அறிஞரின் நான்கு புத்தகங்களைத் தடை செய்தார்கள். வசேதா பல்கலைக்கழகத்திலிருந்து விலக வேண்டி வந்தது. அவர் மேலும் பதிப்பாளர் இவானாமி ஷிகேயோ மேலும் வழக்கு. 1942-ல் இருவருக்கும் தண்டனை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. இத்தனைக்கும் ட்சுதா புரட்சிக்காரர் இல்லை, மன்னராட்சி மேல் மரியாதை உள்ளவர். நூலை நூலாகப் படித்தார், அவ்வளவுதான் குற்றம். ஸ்லைடில் இருக்கும் 'மென்மையான தெய்வப் பறவை'க்கு இந்த வழக்கிலும் ஒரு பங்கு இருக்கிறது. அவர் கேள்வி கேட்டது அந்தப் பறவை வருகிற பக்கங்களைப் பற்றியும்தான்.

இப்போது கால்பந்து ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஜப்பான் அணியின் சட்டையில் பந்தை மிதித்துக்கொண்டு நிற்கும் மூணு கால் காக்கா, கால்பந்துச் சங்கத்தின் சின்னமாக 1931-லிருந்து இருக்கிறது. சங்கத்தின் விளக்கமே அதைச் சீன நூல்களின் சூரியக் காக்கா என்று சொல்லிவிட்டு, ஜிம்முவின் காக்காவைப் பக்கவாட்டில்தான் தொட்டுச் செல்கிறது. அந்த நேர்மை நம்ம ஸ்லைடுக்காரரிடம் இல்லை. அந்தச் சின்னத்தை வடிவமைத்தவர் ஹினாகோ ஜிட்சுசோ என்ற சிற்பி. அவருடைய இன்னொரு பெரிய வேலை தெரியுமா? 1940-ல் மியாசாக்கியில் எழுப்பிய கோபுரம். சுமார் 37 மீட்டர் உயரம், நெஞ்சில் 'ஹக்கோ இச்சியூ' என்று எழுத்து. பேரரசின் மூலை முடுக்கிலிருந்தும், படை நுழைந்த சீன ஊர்களிலிருந்தும் கல் கொண்டுவந்து அடுக்கினார்கள். நான்ஜிங்கிலிருந்து வந்த கல்லும் அதில் உண்டு. தோற்றதும் எழுத்தைப் பிடுங்கினார்கள், 1965-ல் மறுபடி ஒட்டினார்கள். இன்றைக்கு அதன் பெயர் அமைதிக் கோபுரம். (காமெடி இல்லீங்க, நிஜமாகவே அதுதான் பெயர்.) அதற்காக அணி சட்டையைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடித்தால் போட்டுக்கொண்டு விசில் அடியுங்கள். யாருடைய கை எது எதைச் செதுக்கியது என்று தெரிந்தே அடியுங்கள்.

குமானோவின் காக்காவை நான் இதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காக்கா மக்களிடம் வந்து வேறு ஆளாகிவிட்டது. குமானோவின் மூன்று கோயில்களிலும் காக்கா உருவங்களையே எழுத்தாகக் கோர்த்து அச்சடித்த காப்புத் தாள் தருகிறார்கள். ஹோங்கூவில் 88 காக்கா, ஷிங்கூவில் 48, நாச்சியில் 72. அதன் பின்பக்கம் சத்தியம் எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். எழுதிய சத்தியத்தை மீறினால் குமானோவில் காக்கா சாகும், மீறியவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று நம்பிக்கை. சாமுராய் எழுதினான், எதோ காலத்தில் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அரசனுக்கு வழிகாட்டிய பறவை, கடைசியில் பெண்ணிடம் பொய் சத்தியம் செய்தவனைக் கவலைப்பட வைக்கிற பறவையானது எனக்குப் பிடித்த திருப்பம். அந்த மலைக்கு ஆணும் பெண்ணும், பணக்காரனும் நோயாளியும் எறும்பு வரிசை போல நடந்து போனார்கள். ஸ்லைடு போட வேண்டுமென்றால் அதைப் போடுங்களேன்.

நம்ம ஊர்க் காக்காவோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுசுமு ஓனோ தமிழ்-ஜப்பானிய உறவு பேசியபோது பொங்கலையும் ஜப்பானின் ஜனவரி 15 சடங்கையும் ஒப்பிட்டார், காக்காவுக்குச் சோறு வைப்பது உட்பட. அவருடைய மொழிக் கொள்கையைப் பெரும்பாலான ஒப்பியல் அறிஞர்கள் ஏற்கவில்லை என்றாலும் அந்த ஒப்பீடு சுவாரசியமானது. ஆனால் அது வயலில் வேலை செய்கிறவன் கூப்பிட்டுச் சோறு போடும் காக்கா. ஷிக்கியின் தம்பி எட்டு இலைத்தட்டில் வைத்தது பயத்தில் வைத்த சோறு. இரண்டையும் கலந்து "ஜப்பானே தமிழன்தான்" என்று ஜல்லியடிக்க வேண்டாம், ப்ளீஸ்.

காக்கா பெயரில் எழுதப்பட்ட முதல் கோயில் பதிவு 705-ஆம் ஆண்டு, கொஜிக்கிக்கும் ஏழு வருஷம் முன்னால். அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எல்லோரும் டூர் போகிற குமானோவில் இல்லை. ஊடாவில். ஏ-உகாஷி அம்பு விட்ட அதே ஊடாவில். கால்பந்து ரசிகர்கள் இன்றைக்கும் அங்கே போய் வேண்டிக்கொள்கிறார்கள். அம்பு விட்டவனுக்கு அங்கே ஒரு கல்லாவது நட்டிருந்தால், நான் டிக்கெட் போட்டுப் போய் ஒரு மாலை வாங்கிப் போடத் தயார்.